கைக்குள் கை

அப்பாவின் கைகள் காணாமல் போனதை ஓதிலா தன் கண்ணால் பார்த்தாள்.

பெரிய கைகள் அவை. ஏர் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போனவை. கன்றுக்குட்டியைக்கூட அலுங்காமல் தூக்கிவிடும். அந்தக் கைகளைக் கூப்பிக்கொண்டு அப்பா மண்டியிட்டார். எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்த குறுநிலத் தலைவர் வித்தோ, தன் இரண்டு கைகளாலும் அவற்றை மூடிக்கொண்டார். அவ்வளவுதான். அப்பாவின் கைகள் இருந்த இடத்தில் இப்போது வித்தோவின் கைகள் மட்டும்தான் தெரிந்தன.

"நான் உங்க ஆளு," என்றார் அப்பா.

"நீ என் ஆளு," என்றார் வித்தோ.

தொப்பியைக் கழற்றிய அப்பாவின் தலையில் ஒரு வைக்கோல் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அதை எடுத்துவிட வேண்டும் போல இருந்தது ஓதிலாவுக்கு. அப்பா மண்டியிட்டு அவள் கோயிலில்தான் பார்த்திருக்கிறாள். ஒரு மனிதருக்கு முன்னால் பார்த்ததில்லை.

வித்தோ கைகளை விட்டார். அப்பா எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். அடுத்து ஓடக்காரர் வந்து மண்டியிட்டார். அவருக்குப் பின்னால் ஆல்னே ஊரே வரிசையில் நின்றது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஓதிலா கேட்டாள்:

"அப்பா, ஆத்தோரத்துல இருக்கிற நம்ம பட்டாணி வயல் இப்ப யாருது?"

"அவருது."

"நேத்து வரைக்கும்?"

"நம்மளது."

"நாளைக்கு யாரு களை எடுக்கணும்?"

"நாமதான்."

"அப்ப என்னதான் மாறிச்சு?"

"வாரத்துல பாதி நாள் அவரு வயல்லயும் களை எடுக்கணும்," என்றாள் கூடவே நடந்துவந்த அம்மா. "அதுதான் மாறிச்சு."

"பதிலுக்கு அவரு நமக்கு என்ன குடுத்தாரு?"

அப்பா நின்றார். ஊருக்கு மேலே தெரிந்த மண்மேட்டைக் காட்டினார். மேட்டைச் சுற்றி அகழி. மேட்டின் மேல் ஓக் மரக் கட்டைகளை வரிசையாக நட்டுக் கட்டிய வேலி. வேலியில் ஒரே ஒரு கதவு.

"அந்தக் கதவு," என்றார் அப்பா.

அதற்கு மேல் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கடலிலிருந்து லுவார் ஆற்றில் ஏறி வரும் நீளமான படகுகளைப் பற்றி ஆல்னேயில் எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும். வடகடல்காரர்கள் அதில் வருவார்கள். பின்னாளில் உலகம் வைக்கிங்குகள் என்று சொன்னது இவர்களைத்தான். ஆல்னேயில் அவர்களுக்குப் பெயரே கிடையாது. 'அவங்க' என்றாலே போதும். பேச்சு நின்றுவிடும்.

அரசர் என்று ஒருவர் இருந்தார். ஆனால் தூரத்தில் இருந்தார். அவருக்குச் செய்தி போய், அவர் குதிரைப்படையைக் கூட்டி, அந்தப் படை சேற்றுப் பாதையில் வந்து சேர்வதற்குள், படகுகள் வந்து அள்ளிக்கொண்டு, கொளுத்திவிட்டுத் திரும்பிப் போயிருக்கும். பக்கத்தில் இருந்தவர் வித்தோதான். அவரிடம் குதிரைகள் இருந்தன. இரும்புச் சட்டை போட்ட ஆட்கள் இருந்தார்கள். இப்போது மேடும் இருந்தது.

அந்த மேடு ஆகாயத்திலிருந்து விழுந்துவிடவில்லை. ஊரே சேர்ந்து அகழி தோண்டி, தோண்டிய மண்ணைச் சுமந்து கொட்டிய மேடு அது. ஓதிலாவுக்கும் ஒரு கூடை இருந்தது. அம்மா ஆற்றோரத்துக் கொம்புகளில் பின்னிக் கொடுத்த சின்னக் கூடை. மேட்டைப் பார்க்கும்போதெல்லாம், 'இதில் என் மண்ணும் எங்கேயோ இருக்கிறது' என்று நினைத்துக்கொள்வாள்.

மண் சுமந்துகொண்டிருந்த நாட்களில்தான் அந்தக் கத்தல் கேட்டது. வித்தோ, தனக்கும் மேலே இருந்த கோமானுக்கு உதவி கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். வித்தோ தன் கைகளைக் கொடுத்திருந்தது அந்தக் கோமானிடம். போன ஆள் திரும்பி வந்து என்ன சொன்னானோ, வித்தோவின் குரல் அகழி வரைக்கும் வந்தது.

"'உனக்குக் கீழ இருக்கறவங்களை எனக்குத் தெரியாது'ன்னா சொன்னாரு? ஒரு மனுஷன் பேசற பேச்சா இது?"

மண் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வித்தோ அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. தன் குதிரையோடு மட்டும் பேசினார். அதுவும் கோமானைப் பற்றித்தான் இருந்திருக்க வேண்டும்.

பெரியவர்கள் செய்வதைக் குழந்தைகள் விளையாட்டாக்காமல் விடுவார்களா? கை கொடுத்த நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் ஆல்னேயில் எங்கே பார்த்தாலும் ஆள் விளையாட்டுதான். அகழிக்குப் பக்கத்தில் ஒரு மரத்தின் அடிக்கட்டை இருந்தது. அதுதான் முக்காலி. ஒருவர் உட்கார வேண்டும். மற்றவர் குல்லாயை எடுத்துவிட்டு, மண்டியிட்டு, கையை நீட்ட வேண்டும்.

ஓடக்காரரின் மகன் ஈவோ எப்போதும் அடிக்கட்டையில்தான் உட்காருவான். இறங்கவே மாட்டான்.

"நேத்தும் நீதான் உக்காந்தே," என்றாள் ஓதிலா.

"எனக்குக் குரல் நல்லா இருக்கு. உத்தரவு போட வரும்."

"உங்க அப்பா கூப்பிடற குரலும் நல்லாத்தான் இருக்கு. அதோ கூப்பிடறாரு பாரு."

ஈவோ எழுந்து திரும்பிப் பார்த்தான். ஓதிலா உட்கார்ந்துவிட்டாள். ஈவோ முணுமுணுத்துக்கொண்டே மண்டியிட்டுக் கையை நீட்டினான். அவள் மூடிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அவளுக்கு மூக்கு நுனி அரித்தது.

"சீக்கிரம் சொல்லு ஈவோ. மூக்கு அரிக்குது."

ஈவோவின் முகம் மலர்ந்தது. "என்ன சொல்லணும்?"

"உனக்குத் தெரியாதா? 'நான் உன் ஆளு'ன்னு சொல்லு."

"யோசிக்கிறேன்."

"ஈவோ."

"பெரிய முடிவு இது. அவசரப்பட முடியுமா?"

ஓதிலா மூக்கைத் தன் தோளில் தேய்த்துப் பார்த்தாள். எட்டவில்லை. கையை எடுத்தால் விளையாட்டு கலைந்துவிடும். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று ஒன்று தோன்றியது.

கை உள்ளே இருப்பவன்தான் மாட்டிக்கொண்டவன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். மூடியிருப்பவளும்தானே மாட்டிக்கொண்டிருக்கிறாள்? அவளாலும் வேறெதையும் தொட முடியாதே.

அன்று சாப்பிடும்போது அப்பாவின் கைகளைப் பார்த்தாள். கறுப்பு ரொட்டியைப் பிய்த்துக் கஞ்சியில் போட்டுக்கொண்டிருந்தன. பழைய கைகள்தான். சிறுத்துப்போய்விடவில்லை.

அந்த வாரத்தின் கடைசியில் தோதா வந்து சேர்ந்தாள். ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர்க்காரி. முதுகில் கைக்குழந்தையைக் கட்டியிருந்தாள். பக்கத்தில் ஓதிலாவின் வயதில் ஒரு பெண். கிஸ்லா என்று பெயர். கிஸ்லாவின் கையில் மாடு கட்டும் கயிறு ஒன்று இருந்தது. கயிற்றின் மறுமுனையில் மாடு இல்லை. அவர்கள் ஊரும் இல்லை. சாம்பலாகிவிட்டது.

தோதா நேரே வித்தோவிடம் போய் மண்டியிட்டுக் கையை நீட்டினாள். வித்தோ தன் கையை நீட்டவில்லை.

"நிலம் இருக்கா?" என்று கேட்டார்.

"கை இருக்கு ஐயா. நல்லா வேலை செய்யும்."

"கை எல்லார்கிட்டயும்தான் இருக்கு. உள்ள இருக்கிற ரொட்டி, மண்ணு சுமந்தவங்களுக்கும் நிலம் குடுத்தவங்களுக்குமே பத்துமான்னு தெரியலை. மேல போங்க. வேற ஊரு இருக்கும்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். ஓதிலாவுக்கு அதுதான் அதிகம் வலித்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் நாளைக்கு மாறிவிடும் என்று நம்பலாம்.

தோதாவால் அதற்கு மேல் நடக்க முடியவில்லை. அம்மா பட்டாணி வயலின் வைக்கோல் கொட்டகையைத் திறந்துவிட்டாள்.

கிஸ்லா பேசவே மாட்டாள். "ஊரைவிட்டு வந்ததுலேருந்து இப்படித்தான்," என்றாள் தோதா. பசித்தால் ரொட்டியைப் பார்ப்பாள். குளிர்ந்தால் அடுப்பைப் பார்ப்பாள். கயிற்றை மட்டும் கையிலிருந்து விடமாட்டாள்.

ஓதிலா அவளை விளையாட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள். விளையாட்டு நடப்பதைக் கிஸ்லா ரொம்ப நேரம் ஓரத்தில் நின்று பார்த்தாள். ஓதிலாவின் முறை வந்து அவள் அடிக்கட்டையில் உட்கார்ந்ததும், கிஸ்லா மெல்ல முன்னால் வந்தாள். கயிற்றைப் புல்லில் வைத்தாள். தலைத்துணியை எடுத்தாள். மண்டியிட்டுக் கைகளை நீட்டினாள்.

அந்தக் கைகள் ஆற்றுத் தண்ணீரைப் போலச் சில்லென்று இருந்தன.

எல்லோரும் காத்திருந்தார்கள். கிஸ்லாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"வார்த்தையைச் சொல்லணும்," என்றான் ஈவோ. "சொல்லாட்டிச் செல்லாது."

"அவ சொல்ற அன்னிக்குச் சொல்லட்டும்," என்றாள் ஓதிலா. "என் பங்கை நான் இப்பவே சொல்லிடறேன். கிஸ்லா, நீ என் ஆளு. என் ரொட்டியில பாதி உனக்கு. நான் நுழையற கதவு உனக்கும் திறக்கும்."

"பாதி ரொட்டியா?" என்றான் ஈவோ. "எனக்கு நீ எதுவுமே சொல்லலையே."

"நீ என்னை மூக்கு சொறிய விட்டியா?"

கிஸ்லா சிரிக்கவில்லை. ஆனால் அவள் கைகள் அவசரப்பட்டு வெளியே வரவும் இல்லை. சூடு ஏறும் வரைக்கும் உள்ளேயே இருந்தன.

பட்டாணி பூத்திருந்த ஒரு காலையில் ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி வந்து ஊரையே விழுங்கியது. எதிர்வீடுகூடத் தெரியவில்லை. ஈவோ ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"ஆத்து நடுத் தீவுக்கு அந்தப் பக்கம் படகுங்க. அப்பா துடுப்புச் சத்தத்தைக் கேட்டுட்டாரு. மேட்டுக்குப் போங்க, மேட்டுக்குப் போங்க."

அம்மா ஆட்டை அவிழ்த்தாள். அப்பா மாவுப் பையைத் தோளில் போட்டார். ஓதிலா சேவலைப் பிடித்துத் தன் மண்கூடைக்குள் போட்டு மூடினாள். பிறகு வைக்கோல் கொட்டகைக்கு ஓடினாள். தோதா ஏற்கெனவே குழந்தையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். ஓதிலா ஒரு கையில் கூடையும் மறு கையில் கிஸ்லாவின் கையுமாக மேட்டில் ஏறினாள்.

வேலிக் கதவில் போசோ நின்றிருந்தார். வித்தோவின் காவல்காரர். வருகிற ஒவ்வொருவரையும் பார்த்துத் தலையாட்டி உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். அப்பாவும் அம்மாவும் ஆடும் உள்ளே போனார்கள். ஓதிலா வந்தாள். ஈட்டி குறுக்கே இறங்கியது.

"நீ வா," என்றார் போசோ. "அதுங்க வேணாம்."

"இவங்களும் வராங்க, போசோ மாமா."

"இவங்க கை யாரு கையில இருக்கு? ஐயா கையில இல்லையே. எனக்குச் சொன்னது அதுதான். கை குடுத்தவங்க உள்ள, குடுக்காதவங்க வெளிய."

"இவ கை என் கையில இருக்கு."

போசோ கீழே பார்த்தார். உண்மைதான். இரண்டு கைகளும் கோத்திருந்தன. "இது எந்தக் கணக்குல வருதுன்னு எனக்குச் சொல்லலையே," என்றார் சந்தேகத்தோடு.

"பரவாயில்லைம்மா," என்றாள் தோதா. "நாங்க காட்டுப் பக்கம் போயிடறோம். கிஸ்லா, வா."

கிஸ்லா அசையவில்லை. ஓதிலாவும் கையை விடவில்லை. பின்னால் வந்தவர்கள் முண்டினார்கள். "வழியில என்ன பேச்சு?" என்று யாரோ அதட்டினார்கள். சத்தம் கேட்டு வித்தோவே இறங்கி வந்தார். இரும்புச் சட்டையில் அவர் இன்னும் உயரமாகத் தெரிந்தார்.

"என்ன இது?"

"ஐயா, இந்தப் பொண்ணு தனக்கு ஒரு ஆளு இருக்குங்குது," என்றார் போசோ.

ஓதிலா கிஸ்லாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். அப்பா இந்த மனிதர் முன்னால்தான் மண்டியிட்டார். இவர் கோபப்பட்டால் அப்பாவுக்கும் சேர்த்துக் கதவு மூடிவிடலாம். வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவது சுலபம். ஆனால் போக வேண்டுமானால் முதலில் கையை விட வேண்டும். அதுதான் அவளால் முடியவில்லை.

"கிஸ்லா என் ஆளு, ஐயா," என்றாள். "நான் நுழையற கதவு அவளுக்கும் திறக்கும்னு சொல்லியிருக்கேன்."

"விளையாட்டுல சொன்னதா?"

"ஆமா. ஆனா நீங்க செய்யற மாதிரியேதான் செஞ்சோம். தலைத்துணியை எடுத்தா. மண்டி போட்டா. நான் கையை மூடிக்கிட்டேன். ஒண்ணையும் விட்டுடலை."

"அந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாது," என்றார் வித்தோ.

ஓதிலா நிமிர்ந்து பார்த்தாள்.

"கோமானும் எங்களைத் தெரியாதுன்னுதானே சொன்னாரு, ஐயா? உங்களுக்கு அன்னிக்கு எவ்வளவு கோபம் வந்துச்சு. அகழி வரைக்கும் கேட்டுச்சே."

மேட்டில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். போசோ தன் ஈட்டி முனையை ரொம்பக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

ஓதிலா மூச்சை இழுத்துக்கொண்டாள். "எங்க அப்பா கை உங்க கைக்குள்ள இருக்கு. என் கை எங்க அப்பா கைக்குள்ள. இவ கை என் கைக்குள்ள. இவங்க அம்மாவும் தம்பியும் இவளோட. நடுவுல எந்த இடத்துல விடச் சொல்றீங்க, ஐயா?"

அப்போது கதவுக்குள்ளிருந்து அப்பா வெளியே வந்தார். மாவுப் பையைக் கீழே வைத்துவிட்டு, ஓதிலாவின் பக்கத்தில் நின்று, தன் கையை அவள் தோளில் வைத்தார். அவருக்குப் பின்னால் அம்மா ஆட்டோடு வந்தாள். ஆடு மட்டும் 'மே' என்றது.

வித்தோ தன் கைகளைப் பார்த்தார். கோமானின் வீட்டில், கோமானின் கைகளுக்குள் தன் கைகளை வைத்த நாள் அவருக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ. முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"போசோ," என்றார். "ஈட்டியை எடு."

"அப்ப ரொட்டி, ஐயா?"

"நீ மெல்லமா தின்னு. போதும்."

கதவு மூடியது. உத்தரங்களைக் குறுக்கே போட்டார்கள். வேலிக்குப் பக்கத்தில் கோயில் மணியைத் தற்காலிகமாக ஒரு மரச்சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"மணியை அடிங்க," என்றார் வித்தோ. "நாம தூங்கலைன்னு அவங்களுக்குத் தெரியட்டும். தெரிஞ்சா கிட்ட வர மாட்டாங்க."

போசோ மணிக்கயிற்றைப் பிடித்தார். இழுக்க முடியவில்லை. கயிற்றில் இன்னும் இரண்டு கைகள் இருந்தன.

கிஸ்லாவின் கைகள்.

"வேணாம்," என்றாள்.

அந்தக் குரல் யாருடையது என்று முதலில் ஓதிலாவுக்கே தெரியவில்லை. தோதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க ஊர்லயும் இப்படித்தான் பனி," என்றாள் கிஸ்லா. ஒவ்வொரு சொல்லாக, அடியிலிருந்து தண்ணீர் இறைப்பதைப் போலச் சொன்னாள். "அவங்களுக்கு ஊரு தெரியலை. படகு நேராப் போயிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நாங்க மணி அடிச்சோம். சத்தம் கேட்டுத்தான் திரும்புனாங்க."

போசோ வித்தோவைப் பார்த்தார். வித்தோ வேலிக்கு வெளியே இருந்த பனியைப் பார்த்தார். ஆறும் தெரியவில்லை, ஊரும் தெரியவில்லை. வெள்ளைதான் இருந்தது.

வித்தோ தானே போய்க் கயிற்றைச் சட்டத்தின் மேல் சுருட்டிக் கட்டினார். பிறகு உதட்டில் விரலை வைத்தார்.

ஒரு ஊரே சத்தம் போடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. தோதா குழந்தைக்குப் பால் கொடுத்தாள். அம்மா ஆட்டின் வாய்க்குள் புல்லைத் திணித்துக்கொண்டே இருந்தாள். கூடைக்குள் சேவல் இறக்கையை அடித்துப் பாட்டுக்குத் தயாரானது. ஓதிலா கூடையின் மேல் தன் மேலாடையைப் போர்த்தி, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சேவல் ராத்திரி வந்துவிட்டது என்று நினைத்து அடங்கியது. போசோவுக்குத் தும்மல் வந்தது. தாடி முழுவதையும் வாயில் அடைத்துக்கொண்டு, கண்களில் நீர் வழிய நின்றார்.

கீழே துடுப்புகளின் சத்தம் கேட்டது. ஒரே சீராக, நிறைய துடுப்புகள். யாரோ புரியாத மொழியில் ஏதோ சொன்னார்கள். வேறு யாரோ இருமினார்கள். சாதாரண இருமல். ஓடக்காரருக்குக் குளிர்காலத்தில் வருகிற மாதிரியே இருந்தது. 'அவங்க'ளுக்கும் இருமல் வரும் என்று ஓதிலா நினைத்துப் பார்த்ததே இல்லை. அவளுக்கு அது விநோதமாக இருந்தது. ஆனால் பயம் ஒன்றும் குறையவில்லை.

கிஸ்லாவின் கை அவள் கைக்குள் வந்தது. அவள் மூடிக்கொண்டாள்.

துடுப்புச் சத்தம் நேரே வந்தது. பட்டாணி வயலுக்குப் பக்கத்தில் வந்தது. அப்படியே கடந்து போனது. மெல்லத் தேய்ந்து, கடைசியில் ஆறு மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகும் யாரும் பேசவில்லை. போசோதான் முதலில். தாடியைத் துப்பிவிட்டு, மேடே அதிரும்படி தும்மினார். சிரிப்பு எங்கிருந்து ஆரம்பித்தது என்று தெரியவில்லை. வேலிக்குள் இருந்த எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வித்தோவின் இரும்புச் சட்டைகூடக் குலுங்கியது.

வெயில் ஏறப் பனி விலகியது. ஊர் இருந்த இடத்தில் இருந்தது. எல்லாக் கூரைகளும் இருந்தன. மேல்பக்கம் உள்ள ஊர்களுக்கு வித்தோ குதிரையில் ஆட்களை அனுப்பினார். "மணி அடிக்க வேணாம்னு முதல்ல சொல்லு. மத்ததெல்லாம் அப்புறம்," என்று சொல்லி அனுப்பினார்.

பிறகு முக்காலியைக் கொண்டுவரச் சொன்னார். தோதாவைக் கூப்பிட்டார்.

"நிலம் இருக்கான்னு கேட்டேன்," என்றார். "தப்பான கேள்வி. கையைக் குடு."

தோதா குழந்தையை ஓதிலாவின் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து மண்டியிட்டாள். "நான் உங்க ஆளு," என்றாள். "கொட்டகை கொஞ்சம் ஒழுகுது, ஐயா. அதையும் இப்பவே சொல்லிடறேன்."

"கூரைக்கு வைக்கோல் தரச் சொல்றேன். போ." வித்தோ கிஸ்லாவைப் பார்த்தார். "இப்ப நீ வா. நேரா என் ஆளாவே இருந்துக்கோ. நடுவுல யாரும் வேணாம்."

அவர் தன் பெரிய கைகளை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கிஸ்லா அந்தக் கைகளைப் பார்த்தாள். மாட்டுக் கயிற்றைத் தரையில் வைத்தாள். தலைத்துணியை எடுத்தாள்.

பிறகு திரும்பி நடந்து வந்து, ஓதிலாவுக்கு முன்னால் மண்டியிட்டுக் கைகளை நீட்டினாள்.

ஓதிலா திகைத்துப் போய்ச் சேவல் கூடையின் மேலேயே உட்கார்ந்து, அந்தக் கைகளை மூடிக்கொண்டாள். இந்த முறை அவை சூடாக இருந்தன.

"மன்னிச்சுக்குங்க, ஐயா," என்றாள் கிஸ்லா, எல்லோருக்கும் கேட்கும்படி. "நான் ஓதிலாவோட ஆளு."

"சொல்லிட்டா," என்றான் ஈவோ. "இப்பச் செல்லும்."

வித்தோ விரித்த கைகளை மடித்துக்கொண்டார். அவர் சிரிக்கிறாரா என்று அப்பா ஓரக்கண்ணால் பார்த்தார். சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஓதிலாவுக்கு மூக்கு நுனி அரித்தது. நன்றாகவே அரித்தது. ஆனால் அவள் கையை எடுக்கவில்லை.